சேருமிடம் சேராத செய்தி

அலுவலகத்திலோ ஆலையிலோ பள்ளியிலோ பணிபுரியும் நம் கைகளுக்கு நாள்தோறும் எத்தனையோ செய்திகள் வருகின்றன. கடிதம், தொலைபேசி அழைப்பு, மேலதிகாரியின் குறிப்பு, கைப்பேசித் தகவல் எனப் பல. செய்தியைப் பெறுவது எளிது. அதை உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்ப்பதே திறமை. அத்திறமை தவறினால் விளைவது என்ன என்பதற்கு 'டைட்டானிக்' கப்பலின் வரலாறு சான்று பகர்கின்றது.

1912 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. பனிப்பாறைகளைப் பற்றிய எச்சரிக்கைகள் கம்பியில்லாத் தந்தி வழியே வந்தவண்ணம் இருந்தன. 'பால்டிக்' கப்பல் அனுப்பிய எச்சரிக்கையைக் கப்பல் தலைவர் ஸ்மித், உடன் பயணம் செய்த நிறுவனத் தலைவர் இஸ்மேயிடம் கொடுத்தார். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாலையில் திருப்பிக் கேட்கும்வரை அது அங்கேயே கிடந்தது!

இரவு 9.40 மணியளவில், கப்பல் செல்லும் வழியிலேயே பனிப்பாறைகள் உள்ளனவென்று 'மெசாபா' கப்பல் இடத்தைச் சுட்டி அறிவித்தது. அச்செய்தி மேல்தளத்து அதிகாரிகளை எட்டவேயில்லை. தந்திப் பணியாளர் பிலிப்ஸ் சோம்பேறியல்லர். கருவி பழுதுற்றதால் தேங்கிய பயணிகளின் தந்திகளை அனுப்புவதில் அவர் மூழ்கியிருந்தார். பதினொரு மணியளவில் அருகிலிருந்த 'கலிபோர்னியன்' கப்பல் எச்சரித்தபோது, தம் வேலைக்கு இடையூறென்று கூறி அதனை நிறுத்தினார். 11.40 மணிக்குக் கப்பல் மோதியது. ஏறத்தாழ 1,500 உயிர்கள் மாண்டன. இறுதிவரை உதவி வேண்டித் தந்தி அனுப்பிய பிலிப்சும் அவர்களுள் ஒருவர். 'கலிபோர்னியன்' தந்திப் பணியாளரோ, அதற்குள் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றிருந்தார்.

உழைப்பு இருந்தது, ஒழுங்கு இல்லை. 1914-இல் இலண்டனில் கையெழுத்தான கடற்பாதுகாப்பு உடன்படிக்கை, பெரிய பயணிகள் கப்பல்களில் இரவும் பகலும் தந்திக் காவல் இருக்கவேண்டுமென விதித்தது.

நாம் கற்கவேண்டியவை நான்கு. வந்த செய்தியை நேரத்தோடு உடனே குறித்துவைத்தல். அவசரமானதையும் காத்திருக்கக்கூடியதையும் பிரித்தல். பொறுப்புடையவரிடம் சேர்த்து, அவர் படித்தாரா என்று உறுதிசெய்தல். பின்னர் எவரும் தேடி எடுக்குமாறு கோப்பில் வைத்தல். நாம் விடுப்பில் இருக்கும்போதும் நம் கோப்பு பேசவேண்டும்.

இன்று மாலை பணி முடிந்து எழுமுன் மேசையை ஒருமுறை பாருங்கள். எவருக்கோ உரிய செய்தி ஒன்று, நம் சட்டைப்பையில் உறங்கிக்கொண்டிருக்கலாம் அல்லவா?