பேத்தியின் ஆடைப் படிப்பும் அகிம்சைப் பட்டும்

மலருக்குக் கட்டுரை கேட்டு வரும் நண்பர்கள், "நயினார், இந்த வருஷமும் சமண இலக்கியம்தானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்பது வழக்கம். நானும் சிந்தாமணி, நாலடியார் என்று ஏதாவது எழுதிக் கொடுத்துவிடுவேன். இம்முறை ஆடை வடிவமைப்புப் படிப்பைப் பற்றி எழுதுகிறேன். ஜாதவ்பூரில் எங்கள் வீட்டு முன்னறையை மூன்றாண்டுகளுக்கு மேலாக என் பேத்தியின் துணிகளும் காகிதங்களும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உட்கார ஒரு நாற்காலி கிடையாது. அப்படி இடத்தைப் பறிகொடுத்தவன் அந்தப் படிப்பு என்னவென்றாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

என் சொந்த ஊர் ஆரணிப் பக்கம். கொல்கத்தாவுக்கு வந்து கரியாஹாட்டில் புடவைக் கடை வைத்துப் பிழைத்தவன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. படித்ததெல்லாம் கடையில் ஆள் இல்லாத மதிய நேரங்களில்தான். ஆனாலும் துணியைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்தது. பேத்தி ஃபேஷன் டிசைன் படிக்கப் போகிறேன் என்றபோது, "தையல் வேலைக்கு நாலு வருஷமா?" என்று கேட்டவன் நான். நம்மில் பல வீடுகளில் இதே கேள்வி எழுந்திருக்கும். அவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். 

நிஃப்ட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனம் 1986இல் டெல்லியில் தொடங்கப்பட்டது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் வருவது. கொல்கத்தாவிலும் சென்னையிலும் 1995இல் கிளைகள் வந்தன. 2006இல் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமையும் கிடைத்தது. வடிவமைப்புப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். இறுதி ஆண்டில் மாணவர் ஒவ்வொருவரும் தாமே ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து சில உடைகள் கொண்ட ஒரு தொகுப்பைச் செய்து காட்ட வேண்டும்.

அதை எப்படிச் செய்கிறார்கள்? முதலில் ஒரு தூண்டுகோல் வேண்டும். அது ஒரு கோயில் தூணாக இருக்கலாம், மழை நாளில் ஒழுகும் சுவராக இருக்கலாம், பாட்டியின் பெட்டியில் கிடக்கும் பழைய ரவிக்கையாகவும் இருக்கலாம். அது தொடர்பான படங்கள், நூல் துண்டுகள், வண்ணத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு பலகையில் ஒட்டுகிறார்கள். இதற்கு மூட் போர்டு என்று பெயர். அதிலிருந்து நிறங்களைப் பிரிக்கிறார்கள், உருவங்களை வரைகிறார்கள். பிறகு விலை குறைந்த கோராத் துணியில் வெட்டி, பொம்மை உடம்பின் மேல் ஊசி குத்திப் பொருத்திப் பார்க்கிறார்கள். கோராவில் சரியாக விழுந்த பிறகுதான் நல்ல துணியில் கத்தரி வைப்பார்கள். ஒவ்வொரு படியிலும், 'இதை ஏன் எடுத்தாய்?' என்ற கேள்விக்கு மாணவர் பதில் சொல்ல வேண்டும். தையற்காரரிடம் நாம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. படிப்பின் சாரம் அந்த 'ஏன்' என்பதில்தான் இருக்கிறது என்று நான் மெல்லத்தான் புரிந்துகொண்டேன்.

கொல்கத்தாவில் வாழும் நமக்கு இதற்கு நல்ல உதாரணம் சப்யசாச்சி முகர்ஜி. இதே கொல்கத்தா நிஃப்டில் படித்து 1999இல் வெளிவந்தவர். சிறிய அளவில் தொழில் தொடங்கி, கதர், பனாரசி, வங்கக் கைத்தறி, பழைய வீடுகளின் மங்கிய நிறங்கள் இவற்றையே தம் முத்திரையாக்கிக்கொண்டார். 'பிளாக்' படத்தின் ஆடை வடிவமைப்புக்காக 2005ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்றார். அந்த மங்கிய நிறங்கள் என் கடைக்குள்ளும் வந்தன. "பழசு மாதிரி இருக்கணும்" என்று கேட்டுப் புதுப்புடவை வாங்கிய பெண்களைப் பார்த்துத் திகைத்திருக்கிறேன். கையருகே இருப்பதைப் புதிய கண்ணால் பார்த்தால் அதுவே சரக்காகிறது என்று வியாபாரியாகிய எனக்குத் தோன்றியது.

தமிழர்க்கு இது புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் மதுரையின் அறுவை வீதி வருகிறது. அறுவை என்றால் துணி. தறியிலிருந்து அறுக்கப்படுவதால் அறுவை, துணிக்கப்படுவதால் துணி. (இன்று அறுவை என்ற சொல்லுக்கு வேறு பொருள். இக்கட்டுரைக்கு அதைப் பயன்படுத்திவிடாதீர்கள்.) பருத்தி, மயிர், பட்டு என மூவகை நூலாலும் நெய்த மடிப்புகள் அங்கே அடுக்கியிருந்ததாக இளங்கோவடிகள் கூறுகிறார். உரை எழுதிய அடியார்க்குநல்லார் துணி வகைகளாக முப்பத்தாறு பெயர்களை அடுக்குகிறார். கோங்கலர், சித்திரக்கம்மி, பொன்னெழுத்து, தேவகிரி என்று போகும் அந்தப் பட்டியலைப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். "தாத்தா, இதுல ஒவ்வொரு பேரும் ஒரு ப்ராஜெக்ட்!" என்று குதித்தாள். எனக்கும் பெருமைதான்.

அந்தப் பெருமை நெடுநாள் நீடிக்கவில்லை. இறுதித் தொகுப்புக்கு ஆரணிப் பட்டு தருகிறேன் என்று நானே ஆசையாகச் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "தாத்தா, ஒரு புடவைக்கு எத்தனை புழு?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷ வியாபாரத்தில் ஒரு வாடிக்கையாளர்கூட என்னிடம் கேட்காத கேள்வி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கணக்கு கடினமில்லை. பட்டுப்புழு மல்பெரி இலை தின்று வளர்ந்து, தன்னைச் சுற்றி ஒரே இழையால் கூடு கட்டுகிறது. அந்த ஓரிழை பல நூறு மீட்டர் நீளம். சுமார் பத்து நாள் விட்டால் உள்ளிருக்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளியே வரும். துளைத்தால் இழை அறுந்துபோகும். ஆகவே பூச்சி வருமுன்பே கூட்டை ஆவியிலோ வெந்நீரிலோ இட்டு உயிரைப் போக்கி, பிறகு இழையை உருவுகிறார்கள். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்குச் சுமார் 5,000 கூடுகள் வேண்டும். புடவைக்கு அரைக் கிலோ என்று வைத்தாலும் 2,500 உயிர்கள். இரவு விளக்கு வைத்த பின் உண்டால் பூச்சி விழுமென்று பொழுதோடு சாப்பிடும் குடும்பம் எங்களுடையது. திசைகளையே ஆடையாகக் கொண்ட முனிவர்களை வணங்குகிறவன் நான். பகலெல்லாம் விற்றது பட்டு.

பெரியவன் என்ற முறையில் சாத்திரத்தைத் துணைக்கழைத்தேன். எங்கள் மரபில் இல்லறத்தார்க்கு விதித்தவை அணுவிரதங்கள், அதாவது சிறிய அளவிலான நோன்புகள். அருங்கலச்செப்பு போன்ற நூல்கள் இவற்றை விரிவாகச் சொல்கின்றன. உயிர்க்கொலையை நான்காகப் பிரிப்பார்கள். மனமறிந்து வேண்டுமென்றே செய்வது சங்கல்பி. சமையல், துப்புரவு போன்ற வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பி. பிழைப்புக்கான தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை இல்லறத்தான் முற்றிலும் விட வேண்டும். மற்றவற்றை இயன்ற மட்டும் குறைக்க வேண்டும். "என்னோடது உத்யோகிம்மா" என்றேன்.

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "தெரியாதவரைக்கும் அப்படிச் சொல்லலாம் தாத்தா. தெரிஞ்சப்புறம், வேற நூல் பக்கத்துலயே இருக்கறப்பவும் அதையே எடுத்தா, அது எந்தக் கணக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தேன்.

வேறு நூல் உண்டு என்பது உண்மைதான். 1990 வாக்கில், அன்றைய குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி அம்மையார், உயிரைக் கொல்லாமல் நெய்த பட்டுப்புடவை கிடைக்குமா என்று ஆந்திரக் கைத்தறித் துறையினரிடம் கேட்டாராம். அத்துறையில் பணியாற்றிய குசும ராஜய்யா அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டார். பூச்சி வெளியேறும்வரை காத்திருந்து, துளைபட்ட கூடுகளைப் பஞ்சுபோல நூற்று நெய்யும் முறையை வளர்த்தெடுத்து, அதற்கு அகிம்சைப் பட்டு என்று பெயரிட்டார். காப்புரிமையும் பெற்றார். கேட்டவர் ஒரு தமிழ்ப் பெண்மணி என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

வங்காளத்தில் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று முன்பிருந்தே இருக்கிறது. மால்டா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் முட்டைக்காக வளர்க்கும் கூடுகளிலிருந்து பூச்சிகள் வெளியேறிய பின், மிஞ்சும் கூடுகளைப் பெண்கள் மண்பானையின் மேல் தேய்த்துக் கையால் நூற்கிறார்கள். பானைக்கு மட்கா என்று பெயர். அதனால் மட்கா பட்டு. முரடும் மென்மையும் கலந்திருக்கும். ஓரிழைப் பட்டின் பளபளப்பு வராது.

இங்கேதான் இந்தக் கிழவனுக்கும் வேலை வந்தது. மட்கா என்று கடையில் விற்பதில் பெரும்பாலும் ஊடை மட்டுமே மட்கா, பாவு வழக்கமான பட்டு. நூற்ற இழை பாவின் இழுப்புக்குச் சுலபமாகத் தாங்காது என்பதே காரணம். கல்லூரிப் பெண்ணுக்கு இது தெரியவில்லை. எனக்குத் தெரியும். துணியின் ஓரத்தில் பாவிழையை உருவி, முறுக்கைப் பிரித்துக் காட்டினேன். அவள் முகம் வாடிப்போயிற்று. பிறகு இருவருமாக முர்ஷிதாபாத் சென்று, பருத்திப் பாவும் மட்கா ஊடையுமாக நெய்து தர ஒரு நெசவாளரைப் பிடித்தோம். ரயிலில் திரும்பும்போது, "உங்க அறிவு இல்லேன்னா நான் ஏமாந்திருப்பேன் தாத்தா" என்றாள். சும்மா சொல்லக் கூடாது, பட்டம் வாங்கியது போலிருந்தது.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று எழுதினால் அது பொய். வீட்டுப் பட்டுப்பூச்சிக்குப் பறக்க வராது. இரை எடுக்காது. சில நூறு முட்டையிட்டுச் சில நாளில் மடியும். அந்த முட்டைகள் எல்லாம் பொரித்தால் இலை யார் போடுவது என்று கேட்பவர்கள் உண்டு. அசாமின் எரிப் பட்டிலும் கூடு ஒருபுறம் திறந்திருப்பதால் பூச்சி தானே வெளியேற வழி உண்டு. ஆனால் அங்கே கூட்டுப்புழுவை உணவாக எடுத்துவிடுவதும் வழக்கம். எங்கள் ஆரணித் தறிகளும் என் நினைவில் வராமலில்லை. பட்டை நம்பித்தானே அங்கே எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிகிறது? அணுவிரதம் என்ற சொல்லின் அருமை இப்போதுதான் விளங்குகிறது. முழுவதும் இயலாதென்று தெரிந்தும் இயன்ற அளவு குறைத்துக்கொள்வதே அது.

துணி கிடைத்தது. தூண்டுகோல்? ஊருக்குப் போனபோது புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசலுக்கு அவளை அழைத்துப் போயிருந்தேன். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் திருப்பணி செய்த சமணக் குடைவரை அது. விதானத்தில் தாமரைக் குளம். மீன், அன்னம், யானை, நடுவே பூப்பறிக்கும் பவ்வியர்கள். அந்தக் குளத்தைத்தான் தன் பலகையின் நடுவில் ஒட்டினாள். அதைத் துணியில் கொண்டுவர வங்கத்துக் காந்தாத் தையலைத் தேர்ந்தாள். பழைய புடவைகளை அடுக்கி ஓட்டத் தையலால் இணைக்கும் கலை அது. காந்தா விரிப்புகளின் நடுவிலும் வழக்கமாகத் தாமரையே மலர்ந்திருக்கும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் பாட்டிமார் சொல்லும் கந்தையும் இந்தக் காந்தாவும் சொல்லளவில் உறவுதான். உள்ளடுக்குக்கு என் பழைய வேட்டிகள் மூன்று போயின. மறுப்பேதும் சொல்லவில்லை.

வெளிமாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வரைகிறது, வெட்டுகிறது, ஒட்டுகிறது என்றால் விளையாட்டு என்று தள்ளிவிடாதீர்கள். வீட்டுப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். இது சுங்குடி, இது உன் கொள்ளுப்பாட்டி கட்டியது என்று பெயரும் உறவும் சொல்லுங்கள். இந்த ஊர்க் கலையையும் கற்கட்டும். இரண்டும் சேருமிடம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் திருப்பிக் கேள்வி கேட்டால் கோபிக்காதீர்கள்.

கடை இப்போது மகன் பொறுப்பில். பட்டு இன்னும் விற்கிறோம், மறைக்கவில்லை. ஆனால் முன்வரிசையில் ஒரு தட்டு, பருத்திப் பாவு மட்காவுக்கென்று ஒதுக்கியாயிற்று. விலை அதிகம் என்று பலர் வைத்துவிட்டுப் போகிறார்கள். சிலர் ஏன் என்று கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு உட்கார நாற்காலி போட்டு, கூட்டிலிருந்து தொடங்கிக் கதையைச் சொல்கிறேன்.