துருவே மெருகு!

ஈரத்துடன் விட்டுவிட்ட இரும்புக் கத்தி இரண்டே நாளில் துருப்பிடித்து விடுகிறது. துரு இரும்பின் பகைவன் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். ஆனால், இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்கச் செய்து, அந்தத் துருவையே அதற்குக் காப்பாக ஆக்கும் கைவினைஞர்களும் இருக்கிறார்கள். அது எப்படி?

அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பகுதியில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் 18-ஆம் நூற்றாண்டில் நீண்ட ரைபிள்களைச் செய்தனர். குழலின் வாய்வழியே வெடிமருந்தை இட்டு, துணி சுற்றிய ஈயக் குண்டைக் கோலால் கெட்டித்துச் சுடவேண்டிய துப்பாக்கிகள் இவை. ஆர்வலர்கள் இன்றும் இவற்றைப் பழைய வடிவிலேயே புதிதாகச் செய்கின்றனர். வெர்ஜீனியாவிலுள்ள வில்லியம்ஸ்பர்க்கில் வாலஸ் கஸ்லர் என்பவர் பழங்கால முறையில் ஒரு ரைபிளைச் செய்து முடித்ததை 1969-இல் திரைப்படமாகவே எடுத்தனர்.

புதிய எஃகுக் குழல் பளபளக்கும். அதைப் பழுப்பாக்க, முதலில் எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லாமல் துடைப்பர். பிறகு மெல்லிய அமிலக் கரைசலைத் தடவி, ஈரக்காற்று நிறைந்த பெட்டியில் வைப்பர். சில மணி நேரத்தில் செந்துரு படரும். ஒட்டாத துருவைத் தேய்த்து நீக்கி, மீண்டும் கரைசலைத் தடவுவர். பலமுறை இப்படிச் செய்தால் சீரான பழுப்புப் படலம் உண்டாகும். இறுதியில் சமையல் சோடாக் கரைசலால் கழுவி, அமிலத்தை நடுநிலையாக்கி, எண்ணெய் பூசுவர். படலத்தின் நுண்துளைகளில் எண்ணெய் தங்கி ஈரத்தைத் தடுக்கிறது. துருவும் அத்துடன் நிற்கிறது!

பழுப்புக்குப் பதிலாகக் கருமை வேண்டுமா? துருப்பிடித்த குழலை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் இடுவர். செந்துருவாகிய ஃபெரிக் ஆக்சைடு கரிய காந்த ஆக்சைடாக மாறிவிடும்.

மரப்பகுதிக்கும் நிறம் தருவது இரும்புதான். நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்து மேப்பிள் மரத்தில் பூசி, சூடு காட்டுவர். ஃபெரிக் நைட்ரேட் சிதைந்து, மரம் செம்பழுப்பாகிறது. அலை அலையாக ஓடும் நார்களின் முனைகள் மேற்பரப்பைத் தொடும் இடங்கள் கரைசலை அதிகம் உறிஞ்சும். அங்கே அழகிய கரும்பட்டைகள் தோன்றும். இதில் நச்சுப் புகை எழும் என்பதால், மாணவர்களே, இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது!

மாதிரி மிக நன்றாக அமைந்துவிட்டால் ஓர் ஆபத்தும் உண்டு. புதியதைப் பழையதென்று சொல்லி விற்று ஏமாற்றலாம் அல்லவா? அதனால்தான் நேர்மையான கைவினைஞர் தம் பெயரையும் செய்த ஆண்டையும் குழலின் மேலேயே பொறித்து விடுகிறார். உண்மையான பழைய துப்பாக்கிக்கு நேர்வதோ வேறு ஆபத்து. பளபளப்பாக்கும் ஆசையில் அதைத் தேய்த்துவிட்டால், பழைய மெருகும் கருவிகளின் சுவடுகளும் அழிந்து போகும். பழுப்புப் படலத்தைச் சில நாட்களில் புதிதாக உண்டாக்கிவிடலாம். அழிந்துபோன வரலாற்றுச் சான்றை அப்படி உண்டாக்க முடியாது.