பயணச்சீட்டுக் கணக்கின் தானியக்கம்: வண்ணார்பேட்டைவழி ஒரு விளக்கம்

மாறாத விதிப்படி மீளமீள நிகழும் அலுவற்பணியைக் கருவியிடம் ஒப்படைப்பதே பணித் தானியக்கமாகும். 1974இல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகமாகத் தோன்றி, வண்ணார்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் திருநெல்வேலி அரசுப் போக்குவரத்துக் கழகம் இதற்குத் தக்க சான்றாகும். அச்சிட்ட பயணச்சீட்டுகள் வழங்கப்பட்ட காலத்தில், நடத்துநர் சீட்டுக்கட்டுகளின் வரிசையெண்களைக் கட்டண நிலைதோறும் பதிவுத்தாளில் எழுதினார். தொடக்க எண்ணை முடிவெண்ணிலிருந்து கழித்து, பணிமனையில் வசூல் சரிபார்க்கப்பட்டது. இக்கணக்கை இன்று மின்னணுப் பயணச்சீட்டுக் கருவி தானே செய்கிறது. எனினும், பிழை நேரும் இடம் மாறுகிறதேயன்றிப் பிழை அற்றுப்போவதில்லை. கையால் எழுதுகையில் நேர்ந்த பிழை பெரும்பாலும் ஒரு நடையோடு நின்றது. கருவியில் ஏற்றிய கட்டணப் பட்டியலில் நேரும் பிழையோ, திருத்தப்படும்வரை ஒவ்வொரு சீட்டிலும் தொடரும். எனவே, பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பு யாருடையது என முன்னரே வரையறுக்காத தானியக்கம், அப்பிழையின் சுமையைப் பயணியின்மீதும் நடத்துநரின்மீதும் ஏற்றிவிடும் என்பது புலனாகின்றது.