குறைமாதக் குழந்தையும் கங்காரு முறையும்

அண்டாவில் உள்ள வெந்நீரைவிடத் தம்ளரில் உள்ள வெந்நீர் விரைவில் ஆறிவிடுவதை நாம் அறிவோம். பொருள் சிறுக்கச் சிறுக்க, அதன் எடையோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு மிகுகிறது. வெப்பம் மேற்பரப்பின் வழியேதான் வெளியேறுகிறது.

குறைமாதக் குழந்தையின் உயிர்ச் சிக்கலும் இதுவே. ஒன்றரைக் கிலோ எடையுள்ள குழந்தையில், ஒரு கிலோ எடைக்கு உரிய தோல்பரப்பு பெரியவர்களுக்கு உள்ளதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காகும். வெப்பத்தைக் காக்கும் கொழுப்பும் குறைவு. நடுங்கி வெப்பம் உண்டாக்கவும் அதனால் இயலாது. ஈர உடலிலிருந்து ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. அது முழுவதும் உடலிலிருந்தே சென்றால், அக்குழந்தையின் வெப்பநிலை ஏறக்குறைய அரை டிகிரி செல்சியஸ் குறைந்துவிடும்!

இந்த இழப்பைத் தடுக்கவே இன்குபேட்டர் எனும் வெப்பப்பெட்டி பயன்படுகிறது. ஆனால் பெட்டிகள் போதாவிட்டால்?

ஒரு தலைமை மருத்துவரின் முடிவு

கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டா, சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ந்த நகரம். அங்குள்ள தாய்-சேய் மருத்துவமனையில் 1978-ஆம் ஆண்டு இந்நிலைதான் இருந்தது. ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள், அதனால் தொற்றுநோய். தாய்மாரோ பிரிந்திருந்தனர், சிலர் குழந்தையைக் கைவிட்டும் சென்றனர்.

குழந்தைநல மருத்துவப் பிரிவின் தலைவராயிருந்த எட்கர் ரே சனாப்ரியா, தாயையே வெப்பப்பெட்டியாக்கினார். உடல்நிலை சீரடைந்த குழந்தையைத் தாயின் மார்பில், தோலோடு தோல் படுமாறு நிமிர்த்திக் கட்டிவைத்தனர். தாய்ப்பால் ஊட்டி, விரைவில் வீட்டிற்கு அனுப்பித் தொடர்ந்து கவனித்தனர். ஹெக்டர் மார்ட்டினெஸ் என்ற மருத்துவர் இப்பணியில் அவருக்குத் துணைநின்றார். குட்டியைப் பையில் சுமக்கும் கங்காருவின் பெயரே இம்முறைக்கு அமைந்தது.

இதன் இயற்பியல் எளிது. தாயின் உடல் ஏறக்குறைய 37 டிகிரியில் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் வெப்பமூலம். குழந்தையின் மார்பும் வயிறும் அதனோடு ஒட்டியிருப்பதால், வெப்பம் வெளியேறும் பரப்பு குறைகிறது. முதுகைத் துணியும், தலையைக் குல்லாயும் காக்கின்றன.

ஐயமும் விடையும்

தொடக்கத்தில் வெளிவந்த வெற்றிக் கணக்குகளைச் சிலர் ஐயுற்றனர். உடல்நிலை சீராகும் முன்பே இறந்த குழந்தைகள் அவற்றில் சேரவில்லை என்பதே காரணம். நியாயமான ஐயம்தான்!

இதற்குத் தக்க விடை, 2021-இல் வெளியான ஆய்வில் கிடைத்தது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவிற்குள் பிறந்த 3,211 குழந்தைகள் ஆராயப்பட்டன. ஒரு சாராருக்கு, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே இம்முறை தொடங்கப்பட்டது. 28 நாட்களுக்குள் இறந்தோர் அவர்களில் நூற்றுக்கு 12; சீரான பின் தொடங்கிய மறுசாராரில் 15.7. உலக சுகாதார நிறுவனமும் 2022-இல் உடனடித் தொடக்கத்தைப் பரிந்துரைத்தது.

இதற்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்க்கு ஒரு கட்டில் வேண்டும். அவரை வெளியே நிறுத்தும் விதி மாறவேண்டும். மருந்துச்சீட்டில் எழுதித் தரக்கூடியவை அல்ல இவை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரே செய்ய வேண்டியவை. குழந்தைகளை அருகிருந்து கவனித்த மருத்துவர் அப்பொறுப்பில் இருந்ததனால்தான், பொகோட்டாவில் அந்தக் கதவு திறந்தது.