ஊரார் கொடுத்த ரத்தம்; உலகம் சுற்றும் கட்டுரை!

கோட்டக்குப்பத்தை ஒட்டினாற்போல் புதுச்சேரி. வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். பொழுது சாய்ந்தால் இந்தப் பக்கம் கொசுவுக்குக் கொண்டாட்டம்தான். அந்தக் கொசு பரப்பும் யானைக்கால் நோய் பற்றிப் பக்கத்து ஊரில் எழுதிய கட்டுரைகள், உலகம் பூராவும் எடுத்துக்காட்டப்படுகின்றன. கால் வீங்கியவருக்கு அந்தக் கட்டுரையால் என்ன பலன்?

நடுராத்திரியில் ஊசி

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1975-ல் புதுச்சேரியில் கொசு ஆராய்ச்சி மையம் ஒன்றைத் தொடங்கியது. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் பக்கம் பதுங்கிக்கொள்ளும். ராத்திரியில்தான் ரத்தத்தில் உலா வரும். அதனால் ராத்திரியில் வீடு வீடாகப் போய் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். "பகல்லே வந்தா ஆகாதா?" என்று அலுத்துக்கொள்ளத்தான் தோன்றும். ஆனால் பகலில் குத்தினால் புழு சிக்காது!

100 கோடி டாலர்

இந்த மையத்தில் பணியாற்றியவர் ஆராய்ச்சியாளர் கே.டி. ராமையா. இவரும் பி.கே. தாசும், வெளிநாட்டு ஆய்வாளர்கள் 2 பேருடன் சேர்ந்து, 2000-ம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வைத்தியச் செலவு எவ்வளவு, வேலைக்குப் போகாததால் போன கூலி எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். இந்தியாவுக்கு ஆண்டு நஷ்டம் 100 கோடி டாலரை நெருங்குகிறது என்றார்கள். யானைக்காலை ஒழிக்கும் உலகத் திட்டம் தொடங்கியதும் அதே 2000-ல்தான்.

2014-ல் அமெரிக்க டாக்டர் எரிக் ஓட்டேசனுடன் ராமையா எழுதிய கட்டுரை இன்னொரு அதிர்ச்சிக் கணக்கைச் சொன்னது. 13 ஆண்டு மாத்திரை கொடுத்த பிறகும், கை கால் வீக்கத்தாலும் விரைவீக்கத்தாலும் அவதிப்படுகிறவர்கள் சுமார் 3 கோடியே 60 லட்சம் பேர்! உலக சுகாதார நிறுவனம் தன் குறிப்புகளில் காட்டிய எண்ணிக்கையும் இதே அளவுதான்.

மார்க் போடுவது எப்படி?

ஒருவர் கண்டதை இன்னொரு ஆராய்ச்சியாளர் தன் கட்டுரையில் பெயர் சொல்லிக் காட்டினால் அது ஒரு மேற்கோள். அமெரிக்காவின் யூஜின் கார்பீல்டு 1964-ல் இதற்கென்றே பேரேடு வெளியிட்டார். 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்பவர் 'எச்' எண்ணைக் கொண்டுவந்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள், தலைக்கு 20 தடவையாவது காட்டப்பட்டிருந்தால் அவருக்கு மார்க் 20. வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சிப் பணம் என்று எல்லாவற்றுக்கும் பல இடங்களில் இந்த மார்க்கையும் பார்க்கிறார்கள்.

உப்பளத்தில் அம்பாரத்தைப் பார்த்தால் எத்தனை டன் தேறும் என்று சொல்லிவிடலாம். பாத்தியில் இறங்கி நின்றவர் கால் எப்படி இருக்கிறது என்று அம்பாரம் சொல்லுமா? மேற்கோள் கணக்கும் அப்படித்தான். கட்டுரை எத்தனை பேர் கைக்குப் போனது என்று சொல்லும். விரல் நீட்டிய குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்று சொல்லாது. கட்டுரை இருப்பதும் இங்கிலீசில்!

வீட்டில் செய்ய வேண்டியது

ஆராய்ச்சி வீண் என்று அர்த்தமில்லை. ஊர் முழுக்க டி.இ.சி. மாத்திரை கொடுத்தால் நோய் பரவுவது பெருமளவு குறையும் என்பதைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின. ஆனால் முற்றிப் பெருத்துப்போன காலை மாத்திரை பழையபடி ஆக்காது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, புண் வராமல் பார்த்துக்கொண்டால் அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் குறையும்.

இந்தக் கொசு முட்டையிடுவது தேங்கிய சாக்கடையில். கட்டுரைக்கு மார்க் போட ஆள் இருக்கிறது. சாக்கடை ஓடுகிறதா என்று பார்த்து மார்க் போட வேண்டியது ஊர்க்காரர்கள்தான்!