வீட்டோரம் முற்றிய குல்மொகர்: அகற்றிய இடத்தில் எதை நடலாம்?

செந்நிறப் பூக்களின் அழகுக்காகக் குல்மொகர் மரத்தை வீட்டோரம் பலரும் நட்டுள்ளனர். மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் விரைந்து வளர்ந்து குடைபோல் விரியும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கிளைகள் கூரைமேல் கவிந்து, அடியிலுள்ள பாத்தியில் காயோ கீரையோ விளையாத நிலை ஏற்படுகிறது. வேர்கள் மேலாகப் படர்வதாலும், கிளைகள் எளிதில் முறிவதாலும் புயற்காற்றில் வீட்டுக்கும் ஆபத்து உண்டு. 2018 நவம்பர் 16ஆம் நாள் கரை கடந்த கஜா புயலில் மரங்கள் வீடுகள்மேல் சாய்ந்ததை டெல்டா உழவர்கள் நன்கு அறிவார்கள்.

கழிப்பதா, அகற்றுவதா?

மரம் நேராக நின்று, அடிப்பகுதி உறுதியாக இருந்தால், தாழ்ந்த கிளைகளை மட்டும் கழித்து ஒளி விழச் செய்யலாம். மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தாலோ, அடியில் பொந்து விழுந்திருந்தாலோ, தூரில் பூசணக் காளான் தட்டுத்தட்டாகத் தோன்றினாலோ, வேர்கள் சுவரைத் தூக்கினாலோ அகற்றுவதே நலம். மரம் புறம்போக்கில் நின்றால் கிராம நிர்வாக அலுவலரை அணுகி முன்அனுமதி பெற வேண்டும். மின்கம்பி அருகில் சென்றால், மின்வாரியத்திற்குத் தெரிவித்து மின்சாரத்தை நிறுத்திய பின்னரே வெட்ட வேண்டும்.

தூரை எடுக்கும் முறை

தை மாதம் இதற்கு ஏற்றது. வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மண்ணில் இருப்பதால் தோண்டுவது எளிது. அடிமரத்தை 4 அடி உயரத்திற்கு விட்டு, மேற்பகுதியைக் கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்க வேண்டும். தூரைச் சுற்றி 3 அடி தள்ளி, 2 அடி ஆழத்திற்கு அகழி வெட்டிப் பக்கவேர்களை அறுக்க வேண்டும். பிறகு அடிமரத்தின் உச்சியில் கயிறு கட்டி இழுத்தால், அதுவே நெம்புகோலாகித் தூரைப் பெயர்த்துவிடும். சுவருக்கு அடியில் சென்ற வேர்களை இழுக்காமல் அறுத்துவிடுக. இழுத்தால் அடித்தளம் அசையக்கூடும்.

தூரை மண்ணிலேயே விடுவது நல்லதன்று. பட்டுப்போன வேர்களில் கரையான் சேரும். தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்கும் கானோடெர்மா பூசணமும் இத்தகைய தூர்களில் தங்கி வளரும். அருகில் தென்னை உள்ளவர்கள் வேர்களைப் பொறுக்கி எடுத்து எரித்துவிட வேண்டும். மரத்தூளையும் குழியில் போட்டு மூடக்கூடாது. அது மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் பயிர் வெளிறும்.

நிழலை அளந்து பாருங்கள்

மரம் போனால் வெயில் வந்துவிடும் என்றெண்ணிக் கத்தரியும் மிளகாயும் நட்டு ஏமாறுவோர் பலர். சுவரின் நிழலும் பக்கத்துத் தென்னையின் நிழலும் அங்கேயே இருக்கும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். மார்கழியில் திருச்சி வட்டாரத்தில் 10 அடி உயரச் சுவரின் நண்பகல் நிழல் வடக்கே ஏறத்தாழ 7 அடி வரை விழும். ஆனால் வைகாசி, ஆனியில் அதே இடத்தில் நண்பகல் வெயில் படும். கோடையில் மட்டும் பார்த்து முடிவு செய்தால் பிழையாகிவிடும்.

ஆகவே, மரத்தை வெட்டியவுடன் தை மாதத்திலேயே காலை 8, 10, பகல் 12, 2, மாலை 4 மணிக்கு நிழல் எல்லையில் குச்சி நட்டுக் குறித்துக்கொள்க. நாளில் 6 மணி நேரம் வெயில் படும் இடத்தில்தான் கத்தரி, தக்காளி, மிளகாய் பலன் தரும்.

எதை நடலாம்?

சுமார் 4 மணி நேரம் வெயில் படும் இடத்தில் கறிவேப்பிலை நடலாம். பழைய குழியிலேயே நடாமல் 3 அடி தள்ளி, சுவரிலிருந்து 5 அடி விட்டு, ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்து, மட்கிய தொழு உரம் இட்டு நடுக. செடி 3 அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளைகள் வெடிக்கும். பூ வேண்டுவோர், ஓரளவு நிழலைத் தாங்கும் நந்தியாவட்டையை நடலாம். அதைக் கழித்து ஆளுயரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அதைவிடக் குறைந்த வெயிலில் மஞ்சள், சேனை, கற்பூரவல்லி ஆகியவை வளரும். குளியலறை நீர் பாயும் ஓரத்திற்குச் சேம்பு பொருந்தும். மஞ்சளையும் சேனையையும் வைகாசி, ஆனியில் நட்டால் 8, 9 மாதங்களில் அறுவடைக்கு வரும். நிழலில் விளைச்சல் வயலைவிடக் குறைவாகவே இருக்கும். எனினும் வீட்டுத் தேவைக்குப் போதும். சேனைத் துண்டு ஒவ்வொன்றிலும் முளைக்குருத்தின் ஒரு பகுதி இருக்கும்படி வெட்டி, சாணக் கரைசலில் நனைத்து, நிழலில் உலர்த்தி நடுவது அவசியம்.

வெயில் இல்லாத இடத்திற்கு எரு இட்டு ஈடு செய்ய முடியாது. இருக்கும் வெயிலுக்கேற்ற செடியைத் தேர்ந்து நட்டால், கூரைக்கும் அச்சமில்லை; கொல்லையும் பலன் தரும்.