வெற்றி என்பது எது? ஆப்கானிஸ்தான் எழுப்பும் கேள்வி

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான்களின் வசம் வந்தது. அதே மாதம் 30-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்பு, அமெரிக்காவின் கடைசி இராணுவ விமானம் காபூல் விமான நிலையத்தை விட்டுக் கிளம்பியது. ஏறத்தாழ இருபது ஆண்டுக்கால ஆக்கிரமிப்பு அத்துடன் முடிந்தது. ஆனால், இந்தப் போரில் வென்றது யார் என்ற விவாதம் மட்டும் இன்னும் முடியவில்லை.

நம் சமுதாயத்திலும் இந்த விவாதம் சூடாகவே நடந்தது. வல்லரசு மண்ணைக் கவ்வியது, இது ஆப்கான் மக்களின் வெற்றி என்று ஒரு சாரார் மகிழ்ந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட பெண் பிள்ளைகளைச் சுட்டிக்காட்டி, இதையா வெற்றி என்கிறீர்கள் என்று இன்னொரு சாரார் கேட்டார்கள். அமெரிக்க ஆட்சியாளர்களோ, பின் லாடனைக் கொல்லவும் அமெரிக்கா மீது மறுபடியும் தாக்குதல் நடக்காமல் தடுக்கவுமே போனோம், அது நிறைவேறிவிட்டது என்று கணக்கை முடித்துக்கொண்டார்கள்.

மூன்று தரப்பும் வெற்றி என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் ஒவ்வொருவர் மனதிலும் அதற்கு வேறு வேறு பொருள். எனவே யார் வென்றார் என்று தீர்ப்புச் சொல்லும் முன், வெற்றி என்பது எது என்பதைப் பார்த்துவிடுவோம்.

நகர்ந்துகொண்டே இருந்த இலக்கு

2001 அக்டோபர் 7 அன்று அமெரிக்கா குண்டுவீச்சைத் தொடங்கியது. நவம்பர் 13 அன்று காபூலும், டிசம்பர் தொடக்கத்தில் காந்தஹாரும் வீழ்ந்தன. இரண்டே மாதங்களில் தாலிபான் ஆட்சி அகற்றப்பட்டது. அப்போது தாலிபான் தலைவர்களில் பலர் ஹாமித் கர்சாயுடன் பேசி, சரணடைந்து ஒதுங்கிக்கொள்ள முன்வந்தார்கள். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் அதை ஏற்கவில்லை. ஆப்கானின் எதிர்காலத்தை முடிவு செய்ய ஜெர்மனியின் பான் நகரில் கூடிய மாநாட்டிலும் தாலிபான்களுக்கு இடமில்லை. அந்த மாநாட்டை நடத்திய ஐ.நா. தூதர் லக்தர் பிராஹிமியே, அவர்களைச் சேர்க்காமல் விட்டது தவறு என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். தோற்றவன் கௌரவமாக வீடு திரும்ப வழி விடாத வெற்றி, அடுத்த போருக்கு விதை போட்டுவிட்டது.

2003 மே 1 அன்று காபூலில் நின்றுகொண்டு, பெரிய சண்டைகள் முடிந்துவிட்டன என்று ரம்ஸ்ஃபெல்ட் அறிவித்தார். அதே நாளில்தான் அதிபர் புஷ் போர்க்கப்பல் ஒன்றில் நின்றபடி இராக் போரைப் பற்றியும் இதே அறிவிப்பைச் செய்தார். இரண்டு நாடுகளிலும் அதற்குப் பிறகுதான் பெரும் இரத்தம் சிந்தப்பட்டது.

இலக்கும் ஆண்டுக்கு ஆண்டு மாறியது. முதலில் அல்காயிதாவை ஒழிப்பது, பிறகு தாலிபானை ஒழிப்பது. அதற்குப் பின் ஜனநாயகம், பெண்ணுரிமை, போதைப்பொருள் ஒழிப்பு, மூன்று லட்சம் பேர் கொண்ட ஆப்கான் படை என்று பட்டியல் நீண்டது. 2009-இல் ஒபாமா மேலும் 30,000 வீரர்களை அனுப்புவதாக அறிவித்தார். விரைவில் அமெரிக்கப் படையினர் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சத்தைத் தொட்டது. வெற்றியை எதை வைத்து அளப்பீர்கள் என்று அந்த ஆண்டு அவருடைய சிறப்புத் தூதர் ரிச்சர்ட் ஹோல்புரூக்கிடம் கேட்கப்பட்டது. கண்ணால் பார்க்கும்போது தெரிந்துகொள்வோம் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். எட்டு ஆண்டுகள் போர் நடத்திய பின்பும் ஒரு வல்லரசிடம் இருந்த விடை இவ்வளவுதான்.

2011 மே மாதம் பின் லாடன் கொல்லப்பட்டார். அதுவும் ஆப்கானிஸ்தானில் அல்ல, பாகிஸ்தானின் அப்போட்டாபாத்தில். அவரைப் பிடிப்பதுதான் இலக்கு என்றால் போர் அன்றே முடிந்திருக்க வேண்டும். மேலும் பத்து ஆண்டுகள் நீடித்தது. அமெரிக்க அரசே தன் அதிகாரிகளிடம் எடுத்த நேர்காணல்களை 2019 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வெளியிட்டது. நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதே நமக்குப் புரியவில்லை என்று உயர் பொறுப்பில் இருந்தவர்களே உள்ளுக்குள் பேசியது அப்போது அம்பலமானது. வெளியே மட்டும், முன்னேற்றம் தெரிகிறது என்ற அறிக்கைகள் தவறாமல் வந்துகொண்டிருந்தன.

தோற்காமல் இருப்பதே வெற்றி

நீண்ட கால ஆக்கிரமிப்பில் இரு தரப்புக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1969-இலேயே ஹென்றி கிஸ்ஸிங்கர் இதை எழுதினார். கெரில்லாப் போராளி தோற்காமல் இருந்தாலே வென்றவன், பெரும் படையோ வெல்லாவிட்டாலே தோற்றது என்பதுதான் அவர் எழுதியதன் சாரம். ஆக்கிரமிப்பாளனுக்குத் தேர்தல் உண்டு, பட்ஜெட் உண்டு, சவப்பெட்டிகளை எண்ணிக் கேள்வி கேட்கும் மக்கள் உண்டு. எனவே அவனுக்கு ஒரு முடிவு தேதி தேவைப்படுகிறது. மண்ணின் மக்களுக்குத் திரும்பிப் போக வேறு ஊர் இல்லை. காத்திருப்பதே அவர்களுடைய ஆயுதம்.

2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபான்களும் ஒப்பந்தம் செய்தபோது இந்தக் கணக்கு நேரானது. இருபது ஆண்டுகளாக யாரை ஒழிப்போம் என்றார்களோ, அவர்களுடனேயே கையெழுத்து. தாங்கள் உருவாக்கிய காபூல் அரசுக்கு அந்த ஒப்பந்தத்தில் இடமே இல்லை.

இந்தப் பொருளில் ஆக்கிரமிப்பு தோற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆக்கிரமிப்பு தோற்றதும் மக்கள் வென்றதும் ஒன்றா?

விலை கொடுத்தவர்கள் யார்?

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வுத் திட்டத்தின் கணக்குப்படி, ஆப்கானிஸ்தானில் நேரடியாகப் போரில் மட்டும் 46,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அமெரிக்கப் படையினரின் உயிரிழப்பு ஏறத்தாழ 2,400. இந்தப் போருக்காக அமெரிக்கா செலவிட்ட தொகை சுமார் 2.3 லட்சம் கோடி டாலர்.

2015 அக்டோபர் 3 அன்று குந்தூஸில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை மீது அமெரிக்க விமானம் தாக்கியதில் 42 பேர் இறந்தார்கள். வெளியேறும் முன் கடைசியாக 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் நடத்திய டிரோன் தாக்குதலில் ஏழு குழந்தைகள் உட்பட பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். முதலில் தீவிரவாதியைக் கொன்றதாகச் சொன்ன பென்டகன், சில வாரங்களில் அது தவறு என்று ஒப்புக்கொண்டது. வந்த வேலை முடிந்தது என்று சொல்பவர்களின் கணக்கில் இந்த வீடுகள் இல்லை.

1989-ஐ மறந்துவிடலாமா?

வல்லரசு ஒன்று தோற்று வெளியேறுவதை ஆப்கான் மக்கள் முதன்முறையாகப் பார்த்தது 2021-இல் அல்ல. 1979 டிசம்பரில் நுழைந்த சோவியத் படை, சுமார் 15,000 வீரர்களை இழந்து 1989 பிப்ரவரி 15 அன்று வெளியேறியது. படைத்தளபதி போரிஸ் குரோமோவ் ஆமு தர்யா நதிப் பாலத்தைக் கடந்த காட்சியை உலகமே பார்த்தது. முஸ்லிம் உலகம் ஷுக்ரு செய்தது. அதற்காக ஆப்கான் மக்கள் கொடுத்த விலை இலட்சக்கணக்கான உயிர்கள், ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள்.

1992 ஏப்ரலில் நஜிபுல்லா ஆட்சியும் வீழ்ந்தது. காபூல் முஜாஹிதீன்களின் கைக்கு வந்தது. அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. சோவியத் காலத்தில் பெருமளவு தப்பித்திருந்த காபூல் நகரம், சக முஜாஹித் குழுக்கள் ஒருவர் மீது ஒருவர் ஏவிய ராக்கெட்டுகளால் இடிந்து நொறுங்கியது. பெஷாவரில் ஓர் ஒப்பந்தம், 1993-இல் இஸ்லாமாபாத்தில் இன்னோர் ஒப்பந்தம். தலைவர்கள் புனித மக்காவுக்கே சென்று அதை உறுதி செய்தார்கள். ஆனால் பதவிச் சண்டை அதையும் விழுங்கிவிட்டது. அந்தக் குழப்பத்தில் நொந்துபோன மக்களிடையேதான் 1994-இல் தாலிபான் இயக்கம் தலையெடுத்தது.

எதிரியை வெளியேற்றுவது பாதி வேலைதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஹுதைபிய்யா தரும் இலக்கணம்

வெற்றியின் இலக்கணத்தை அல்லாஹ் நமக்கு ஓர் உடன்படிக்கையின் வழியாகக் கற்றுத் தந்தான். ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு நபி (ஸல்) அவர்கள் சுமார் 1,400 தோழர்களுடன் உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு உம்ரா செய்யாமலே திரும்ப வேண்டும், மக்காவிலிருந்து தப்பி வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள். விலங்குடன் வந்து நின்ற அபூ ஜந்தல் (ரலி) அவர்களைத் திருப்பி அனுப்பியபோது தோழர்களின் உள்ளம் துடித்தது. நாம் சத்தியத்தில் இல்லையா என்று உமர் (ரலி) அவர்களே கேட்டார்கள். ஆனால் திரும்பும் வழியில் இறங்கிய அல்ஃபத்ஹ் அத்தியாயம், அதைத் தெளிவான வெற்றி என்று அறிவித்தது.

ஏன்? போர் நின்றதால் மக்கள் அச்சமின்றிச் சந்தித்தார்கள், பேசினார்கள், இஸ்லாத்தை அறிந்தார்கள். 1,400 பேராக நின்றவர்கள் இரண்டே ஆண்டுகளில் பத்தாயிரம் பேராக மக்காவுக்குள் நுழைந்தார்கள். நுழைந்த அன்று பழிவாங்கல் இல்லை. பல்லாண்டு காலம் துன்புறுத்தியவர்களுக்குப் பொதுமன்னிப்பு. நபியவர்கள் வாகனத்தின் மீது தலை தாழ்த்திப் பணிவோடு நுழைந்ததை வரலாறு பதிவு செய்திருக்கிறது. அந்நஸ்ர் அத்தியாயமும், வெற்றி வரும்போது இறைவனைத் துதித்து அவனிடம் பாவமன்னிப்புத் தேடவே சொல்கிறது. ஆக, இஸ்லாத்தின் பார்வையில் வெற்றி என்பது மக்கள் அச்சம் நீங்கி வாழ்வதும், எதிரிக்கும் நீதி கிடைப்பதும், வென்றவரிடம் கர்வம் இல்லாதிருப்பதுமாகும்.

இன்றைய தேர்வு

இந்த உரைகல்லில் இன்றைய ஆப்கானை உரசிப் பார்ப்போம். 2021-இல் தாலிபான்கள் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். வரவேற்கத்தக்க அறிவிப்புதான். ஆனால் முன்னாள் அரசு அதிகாரிகளும் படையினருமாகக் குறைந்தது 218 பேர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டதாக 2023-இல் ஐ.நா. தூதுக்குழு பதிவு செய்தது. மன்னிப்பு தலைமையின் வாயில் மட்டும் இருந்தால் போதாது, கடைசி வீரனின் கையிலும் இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளிகளை 2022 மார்ச் 23 அன்று திறப்பதாகச் சொல்லி, அன்றே மூடினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் மூடப்பட்டது. இது ஷரீஅத்துக்கு முரணானது என்று அல்அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அத்தையிப் வெளிப்படையாகக் கண்டித்தார். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பும் கண்டித்தது. எனவே இந்தக் கேள்வியை எழுப்புபவர்களை மேற்கின் கைக்கூலிகள் என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமை இல்லை. ஆயிஷா (ரலி) அவர்களிடம் மார்க்கம் கற்ற சமுதாயம் நாம்.

அதே சமயம் ஆக்கிரமித்தவனும் விட்டுவைக்கவில்லை. ஆப்கான் மத்திய வங்கிக்குச் சொந்தமான சுமார் 700 கோடி டாலரை அமெரிக்கா முடக்கியது. 2021-22 குளிர்காலத்தில் 2 கோடியே 28 இலட்சம் ஆப்கானியர்கள் கடும் உணவுத் தட்டுப்பாட்டைச் சந்திப்பார்கள் என்று ஐ.நா. எச்சரித்த வேளையில், அதாவது நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட மக்கள் பட்டினியை எதிர்நோக்கிய வேளையில், அந்தப் பணத்தில் பாதியை 9/11 வழக்குகளுக்காக ஒதுக்க 2022 பிப்ரவரியில் ஆணையிட்டது. அந்தத் தாக்குதலில் ஈடுபட்ட விமானக் கடத்தல்காரர்களில் ஓர் ஆப்கானியர்கூட இல்லை. பெண்ணுரிமைக்காகப் போர் செய்ததாகச் சொன்னவர்கள், அந்தப் பெண்களின் அடுப்பை அணைப்பதில் தயக்கம் காட்டவில்லை.

எனவே அமெரிக்கா தோற்றதா என்று கேட்டால், ஆம், தோற்றது. ஆப்கான் மக்கள் வென்றுவிட்டார்களா என்று கேட்டால், அவர்களுக்கு வெற்றிக்கான வாய்ப்பு கிடைத்திருக்கிறது என்றுதான் நாம் சொல்ல முடியும். அந்த வாய்ப்பு 1992-இலும் கிடைத்தது, கைநழுவியது. இன்று அது காபூலின் ரொட்டிக் கடை வரிசையிலும், ஹஸாரா மக்கள் தொழும் பள்ளிவாசலின் பாதுகாப்பிலும், பூட்டிக் கிடக்கும் பெண்கள் பள்ளியின் வாசலிலும் சோதிக்கப்படுகிறது.

அந்நியப் படை வெளியேறும்போது மகிழ்வது ஈமானுள்ள உள்ளத்துக்கு இயல்பு. அந்த மகிழ்ச்சியோடு நம் கேள்விகளையும் பொதுவில் வைப்பது அந்த மக்களுக்கு நாம் செய்யும் உதவி. அல்லாஹ் ஆப்கான் மக்களுக்கு அச்சமற்ற வாழ்வையும், பசியற்ற இரவுகளையும், நீதியான ஆட்சியையும் வழங்குவானாக.